சி டிரைவ் எங்க போச்சு? வின்டோஸும் லினக்ஸும் மக்கும் டிஸ்குக்குப் பேர் வைக்கிற விதம்

உப்புவெளியில கலியாண வீடியோ எடிட் பண்ணுற தம்பி ஒருத்தர் போன கிழமை மூண்டு கேள்வியை ஒண்டாச் சேர்த்துக் கேட்டவர். முதலாவது, வின்டோஸில அவற்ற எக்ஸ்டேர்னல் டிஸ்க் நேற்று வரைக்கும் ஈ டிரைவா இருந்தது, இண்டைக்கு எஃப் எண்டு வருது, எடிட்டிங் சொஃப்ட்வெயர் ஒரு கிளிப்பையும் காணேல்ல எண்டு சிவப்பில காட்டுது. ரெண்டாவது, அதே லப்டொப்பில உபுண்டு எண்ட லினக்ஸும் போட்டவர், அதுக்குள்ள சி டிரைவைத் தேடினா இல்ல, என்விஎம்இ0என்1பி3 (nvme0n1p3), எஸ்டிஏ1 (sda1), எஸ்டிபி1 (sdb1) எண்டு என்னென்னவோ கிடக்குது, இதில எது எது? மூண்டாவது, கூட்டாளியின்ர அப்பிள் மக்கில அதே டிஸ்கைக் குத்தினா டிஸ்க்4எஸ்1 (disk4s1) எண்டு வருதாம், ஒரே டிஸ்குக்கு ஏன் இத்தினை பேர்? வட்ஸ்அப்பில சின்னதாச் சொல்லி முடிக்கப் பார்த்தன், ஏலாமப் போச்சு, அதால ஆற அமர எழுதுறன். இந்தப் பேரெல்லாம் இங்க தமிழில எழுதியிருக்கிறன், கொமாண்டில டைப் பண்ணேக்க இங்கிலிஷ் சின்ன எழுத்தில அடியுங்கோ.

தம்பி, உங்கட வீட்டில இருந்து கரைக்கு அஞ்சு நிமிசம்தானே, விடியக்காலம ஒருக்கா போய் நிண்டு பாருங்கோ. மணலில இழுத்து விட்டிருக்கிற வள்ளங்களைக் காட்டி ஒரு பொடியனுக்கு "இந்தப் பக்கத்தால மூண்டாவது வள்ளம் மாமாட" எண்டு சொல்லலாம், அண்டைக்கு அது சரி. அடுத்த நாள் எந்த வள்ளம் முதல் கரைக்கு வந்ததோ அதுக்கேத்த மாதிரி வரிசை மாறியிருக்கும், மூண்டாவதா நிக்கிறது வேற ஆளின்ர. வள்ளத்தின்ர பக்கத்தில பெயின்ட்டால பேர் எழுதியிருக்கும், அது வள்ளத்தோடயே போகும் வரும், ஆனா ரெண்டு பேர் ஒரே பேரை எழுதலாம், நாளைக்கு அழிச்சு வேற பேரும் எழுதலாம். அதோட பதிவு நம்பர் ஒண்டும் இருக்கும், அது அந்த ஒரு வள்ளத்துக்கு மட்டும்தான். டிஸ்குக்குப் பேர் வைக்கிற கதை முழுக்க இந்த மூண்டுக்குள்ளதான் சுத்துது: வரிசையைப் பார்த்து வைக்கிற பேர், நாங்கள் எழுதிற பேர், அதுக்கே உரிய நம்பர். ஈ, எஃப், எஸ்டிஏ, எஸ்டிபி, டிஸ்க்4 எல்லாம் கரையில நிக்கிற வரிசை மாதிரியான பேர்தான், டிஸ்கில அந்தப் பேர் எங்கயும் எழுதியிருக்கிறேல்ல. இது ஒண்டு மனசில பதிஞ்சா மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

முதல் வின்டோஸ். இந்த ஏ பி சி எழுத்துப் பழக்கம் மைக்ரோசொஃப்ட் கண்டுபிடிச்சதில்ல, கேரி கில்டோல் எண்டவர் 1974ல எழுதின சிபி/எம் எண்ட சிஸ்டத்தில இருந்து வந்தது, அதில ஏ தொடக்கம் பி எண்ட பதினாறாவது எழுத்து வரைக்கும் 16 டிரைவ் வைக்கலாம். அதைப் பார்த்துத்தான் 1981ல ஐபிஎம் பீசீக்கு வந்த, வின்டோஸுக்கு முந்தின மைக்ரோசொஃப்ட் சிஸ்டமான டோஸும் செய்தது. அந்த மெஷினில ஃபுளொப்பிதான், ஒண்டு ஏ, மற்றது பி. ஒரே ஒரு ஃபுளொப்பி மட்டும் பூட்டின மெஷினிலயும் பி எண்ட எழுத்தை அது விட்டுக்கொடுக்காது, பி எண்டு கேட்டா "பி டிரைவுக்குரிய டிஸ்கைப் போடு" எண்டு சொல்லும், நீங்கள் அதே துவாரத்தில அடுத்த ஃபுளொப்பியைப் போட வேணும், அப்பிடித்தான் ஒரு டிரைவ் உள்ள ஆக்களும் ஃபுளொப்பிக்கு ஃபுளொப்பி கொப்பி எடுத்தவை. 1983ல 10 எம்பி ஹார்ட் டிஸ்கோட ஐபிஎம் எக்ஸ்டி வந்தது, ஏயும் பியும் ஏற்கெனவே போயிட்டுது, அதால ஹார்ட் டிஸ்குக்கு சி. ஃபுளொப்பி பார்த்தே இராத பிள்ளையள் இண்டைக்கும் சியில இருந்து எண்ணுறதுக்குக் காரணம் இதுதான்.

டோஸ் காலத்தில எழுத்து ஒவ்வொரு முறையும் மெஷின் எழும்பேக்க புதுசாப் பிரிச்சுக் குடுபடும். டிஸ்கைப் பிரிச்ச ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன், முதல் பிரிச்சது பிரைமரி, ஒரு துண்டுக்குள்ள திரும்பப் பிரிச்சது லொஜிக்கல். எழுத்துப் பிரிக்க ஒரு முறை இருந்தது: முதல் ஒவ்வொரு டிஸ்கிலயும் உள்ள முதலாவது பிரைமரி பார்ட்டிஷனுக்கு எழுத்து, அதுக்குப் பிறகுதான் லொஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு. ஒரு டிஸ்கில சியும் டியும் வச்சு டியில கணக்கு வழக்கெல்லாம் சேமிச்சு வச்சிருக்கிற ஒருத்தர் ரெண்டாவது டிஸ்க் ஒண்டு வாங்கிப் பூட்டினா, புது டிஸ்கின்ர பிரைமரி பார்ட்டிஷன் டியைப் பிடிச்சிடும், பழைய டி ஈயாப் போயிடும், புரோகிராம் எல்லாம் டியில ஒண்டுமில்ல எண்டு அழும். ஆக, உங்கட பிரச்சினை புதுசில்ல தம்பி, ஒரு தலைமுறைக்கு முந்தியே ஆக்கள் பட்டதுதான்.

இப்பத்த வின்டோஸ் அதை விட எவ்வளவோ பரவாயில்ல, என்னெண்டா அது ஞாபகம் வச்சிருக்கும். வின்டோஸ் தன்ர செட்டிங்ஸை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில மவுண்டெட் டிவைசஸ் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில "ஈ எண்டா இந்த டிஸ்கில இந்த இடத்தில தொடங்குற பார்ட்டிஷன்" எண்டு எழுதி வைக்கும். பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையில எழுதின டிஸ்க் எண்டா அதின்ர 4 பைட் சிக்னேச்சரும் பார்ட்டிஷன் தொடங்குற இடமும், புது ஜிபிடி முறையில எழுதின டிஸ்க் எண்டா அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய நீண்ட நம்பர். உள்ளுக்க வின்டோஸ் வொல்யூம் எண்டு போட்டு வளைவு அடைப்புக்குள்ள அந்த மாதிரி நீண்ட நம்பர் ஒண்டாலதான் அதைக் கூப்பிடும், மவுண்ட்வொல் (mountvol) எண்டு கொமாண்டில அடிச்சா எல்லாம் வரிசையா வரும், ஈ எண்டது அதுக்கு மேல ஒட்டின ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான். பிறகேன் எஃப் ஆனது? நீங்கள் உங்கட டிஸ்கைக் குத்த முதல் கஸ்டமர் ஒருத்தரின்ர பென்ட்ரைவையோ கமராக் கார்டையோ குத்தியிருப்பீங்கள், ஈ அந்த நேரம் சும்மா கிடந்தது, அது எடுத்திட்டுது, பிறகு வந்த உங்கட டிஸ்குக்கு அடுத்த எழுத்து. எடிட்டிங் புரோஜெக்ட் ஃபைலுக்குள்ள ஒவ்வொரு கிளிப்பும் ஈயில இருந்து தொடங்குற பாதையா எழுதியிருக்கு, அதுதான் எல்லாம் சிவப்பு. கிளிப் ஒண்டும் அழியேல்ல, பயப்பிடாதேங்கோ.

இதுக்கு மருந்து லேசு. ஸ்டார்ட் பட்டனில ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மனேஜ்மென்ட் போங்கோ, உங்கட பார்ட்டிஷனில ரைட் கிளிக் பண்ணி சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ், அதில எம் மாதிரி நடுவில உள்ள ஒரு எழுத்தைக் குடுங்கோ. புதுசா வாற பென்ட்ரைவ் எல்லாம் டி, ஈ, எஃப் எண்டு முன்னால இருந்துதான் எழுத்து எடுக்கும், நெட்வேர்க் டிரைவ் பின்னால இசட்டில இருந்து வரும், நடுவுக்க வந்து இடிக்கிறது அருமை. இப்ப உள்ள புரோஜெக்டுக்கு மட்டும் ஒருக்கா ரீலிங்க் குடுக்க, அதாவது கிளிப் இருக்கிற புது இடத்தைக் காட்ட வேணும், அவ்வளவுதான். எழுத்தே வேண்டாம் எண்டாலும் வழி இருக்கு, வின்டோஸ் 2000ல இருந்து என்டிஎஃப்எஸ் (வின்டோஸின்ர வழமையான ஃபோமட்) டிரைவில உள்ள ஒரு வெறும் ஃபோல்டருக்குள்ள ஒரு பார்ட்டிஷனைக் கொழுவலாம், சி டிரைவுக்குள்ள வீடியோ எண்டு ஒரு ஃபோல்டர், அதைத் திறந்தா அடுத்த டிஸ்க். கன டிஸ்க் பாவிக்கிற ஆக்களுக்கு இது நல்ல விசயம், தெரிஞ்ச ஆக்கள்தான் குறைவு.

வின்டோஸில இன்னொண்டு கட்டாயம் சொல்ல வேணும். மெஷின் எழும்பாமக் கிடக்கேக்க ரிப்பேர் மோடுக்குப் போவீங்கள் அல்லது இன்ஸ்டோல் பென்ட்ரைவால எழுப்புவீங்கள், அங்க உள்ள சி உங்கட வழமையான சி எண்டு நம்பாதேங்கோ. அது வேற ஒரு சின்ன வின்டோஸ், அதுக்கு உங்கட ரெஜிஸ்ட்ரி தெரியாது, தானாப் புதுசா எழுத்துப் பிரிக்கும், உங்கட வின்டோஸ் டியிலயோ ஈயிலயோ இருக்கக்கூடும். டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் வொல்யூம் அடிச்சு, சைஸையும் லேபலையும் (நாங்கள் டிஸ்குக்கு எழுதிற பேர்) பார்த்து உறுதிப்படுத்தினாப் பிறகுதான் எதையும் ஃபோமட் பண்ண வேணும்.

இனி லினக்ஸ். இங்க டிரைவ் எழுத்து எண்ட கதையே இல்ல. லினக்ஸ் பின்பற்றுற யுனிக்ஸ் எண்ட பழைய சிஸ்டத்தின்ர வழியில ஒரே ஒரு மரம்தான், அடியில ஸ்லாஷ் எண்ட வேர், எல்லா டிஸ்கும் அந்த மரத்தில எங்கயாவது ஒரு கிளையாக் கொழுவப்படும். உங்கட சி டிரைவும் உபுண்டுக்குள்ள இருக்கு, சி எண்ட ஸ்டிக்கர்தான் இல்ல, என்விஎம்இ0என்1பி3 எண்டது பெரும்பாலும் அதுதான், ஃபைல் மனேஜரில இடப்பக்கம் சைஸோட நிக்கும், கிளிக் பண்ணினா திறக்கும். ஸ்லாஷ் டெவ் எண்ட ஃபோல்டருக்குள்ள உள்ளது டிஸ்க் எண்ட சாமானுக்குப் பேர், ஸ்லாஷ் மீடியாவுக்குள்ள உள்ளது அந்த டிஸ்கில உள்ள ஃபைல்களுக்கு வாசல். இந்த ரெண்டையும் குழப்பித்தான் புது ஆக்கள் தடுமாறுறவை.

அந்தப் பேரைப் பிரிச்சு வாசிப்பம். என்விஎம்இ0 எண்டா முதலாவது என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) கொன்ட்ரோலர், எண்ணிக்கை 0ல தொடங்குது. என்1 எண்டா அதுக்குள்ள உள்ள முதலாவது நேம்ஸ்பேஸ், அதாவது எஸ்எஸ்டி தனக்குள்ள பிரிச்சுக் காட்டுற பகுதி, இது 1ல தொடங்குது, வீட்டுப் பாவனைக்கு வாற எஸ்எஸ்டியில ஒண்டுதான் இருக்கும். பி3 எண்டா மூண்டாவது பார்ட்டிஷன். நடுவில பி ஏன் வருதெண்டா டிஸ்கின்ர பேரே நம்பரில முடியுது, பி இல்லாட்டி என்விஎம்இ0என்13 எண்டு வந்து பதின்மூண்டாவது நேம்ஸ்பேஸோ எண்டு குழம்பிப் போகும். எம்எம்சிபிஎல்கே0பி1 (mmcblk0p1) எண்டு கமராக் கார்டுக்கு வாறதிலயும் அதே காரணத்துக்குத்தான் பி. எஸ்டிஏ எழுத்தில முடியுது, அதால எஸ்டிஏ1 எண்டு நேரா நம்பர் போடலாம்.

எஸ்டி எண்டது ஸ்கஸி டிஸ்க், ஸ்கஸி எண்டது டிஸ்கோட கதைக்கிற ஒரு பழைய முறை. உங்கட யூஎஸ்பி டிஸ்க் எங்க ஸ்கஸி ஆனது எண்டு கேப்பீங்கள், யூஎஸ்பி டிஸ்கும் கதைக்கிறது ஸ்கஸி கொமாண்டுதான், சாட்டா டிஸ்கையும் லினக்ஸ் லிப்ஏடிஏ எண்ட பகுதியால ஸ்கஸி மாதிரித்தான் காட்டும், அதால எல்லாம் ஒரே வரிசையில வந்து எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எண்டு நிக்கும், எஸ்டிஇசட் முடிஞ்சா எஸ்டிஏஏ. முந்தி ஐடிஈ கேபிள் காலத்தில இப்பிடி இல்ல, எச்டிஏ எண்டா முதலாவது கேபிளில மாஸ்டர், எச்டிபி அதே கேபிளில ஸ்லேவ், எச்டிசி ரெண்டாவது கேபிளில மாஸ்டர், எச்டிடி அதில ஸ்லேவ். ரெண்டாவது கேபிளில சிடி டிரைவ் மட்டும் இருந்தா அது எச்டிசிதான், எச்டிபி இல்லாட்டியும் அது முன்னுக்கு வராது. இடத்துக்குத்தான் பேர், அதால கேபிளைக் கழட்டாத வரைக்கும் பேர் மாறாது, எனக்கு அந்த முறையில ஒரு பிரியம் இருக்கு. 2007ல ஃபெடோரா 7 வந்த காலத்தோட அந்த டிஸ்கும் எஸ்டி வரிசைக்குள்ள வந்திட்டுது. எஸ்டி வரிசை எண்டது யார் முதல் வந்தது எண்ட வரிசை, எந்த டிஸ்க் முதல் பதில் சொல்லுதோ அது ஏ. இண்டைக்கு ஏயா நிண்டது நாளைக்கு பியா நிக்கலாம், இது பிழை இல்ல, லினக்ஸின்ர மையமான கேர்னல் டிஸ்குகளை ஒரே நேரத்தில தேடுறதால வாற இயல்பு.

இதுக்கு நான் குடுத்த விலையைச் சொல்றன். 2022ல கரண்ட் கட் உச்சத்தில இருந்த மாதங்கள். ஒரு அக்கா, கணவர் தவறின பிறகு அவற்ற பழைய 500 ஜிபி டிஸ்கைக் கொண்டு வந்தவ, கோயில் திருவிழாப் படங்கள், பிள்ளையளின்ர சின்ன வயசு வீடியோ எல்லாம் அதிலதான், டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. அதே அளவு இன்னொரு டிஸ்கை எடுத்து, எஸ்டிபியில இருந்து எஸ்டிசிக்கு டிடி (dd) கொமாண்டால அப்பிடியே கொப்பி போட்டன். கிட்டத்தட்ட 60 ஜிபி போயிருக்கும், கரண்ட் போச்சு, யூபிஎஸ்ஸும் கனநேரம் தாங்கேல்ல. கரண்ட் வந்தாப் பிறகு மெஷினை எழுப்பி, அப் அம்புக்குறியை அமத்தினன், முதல் அடிச்ச அதே கொமாண்ட் வந்தது, என்டர் தட்டிப்போட்டு அடுத்த வேலையைப் பார்த்தன். ரெண்டு டிஸ்கும் இடம் மாறியிருந்தது. எஸ்டிபி எண்டு இப்ப நிண்டது என்ர டிஸ்க், எஸ்டிசி எண்டது அக்காட டிஸ்க்.

ஸ்கிரீனில 140 ஜிபி எண்டு ஓடிக்கொண்டிருக்கேக்கதான் லைட் சிமிட்டுறதைப் பார்த்தன், வாசிக்க வேண்டிய டிஸ்கில எழுதுற லைட். நிப்பாட்டிப்போட்டு கொஞ்ச நேரம் கை ஓடேல்ல. பிறகு யோசிச்சா, முதல் 60 ஜிபிக்கு ஒண்டும் நடக்கேல்ல, ஏனெண்டா என்ர டிஸ்கில அந்த 60 ஜிபியும் அக்காட டிஸ்கில இருந்து வந்ததுதானே, அதே பைட் திரும்பி அதே இடத்துக்குப் போயிருக்கு. அதுக்கு மேல 80 ஜிபி அளவு என்ர டிஸ்கின்ர பழைய குப்பை அவவின்ர படங்களுக்கு மேல ஏறியிட்டுது. மிச்சத்தை மீட்டுக் குடுத்தன், போனது போனதுதான். அக்காட்ட உள்ளதை உள்ளபடி சொன்னன், அவ ஒரு சொல்லும் கோவமாச் சொல்லேல்ல, அது எனக்கு இன்னும் பாரமா இருந்தது. அண்டையில இருந்து எஸ்டி எழுத்தை வச்சு எந்த அழிக்கிற வேலையும் நான் செய்யிறேல்ல.

அதுக்குப் பதிலா என்ன செய்யிறது? ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டிஸ்க் எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள போனா பை-ஐடி, பை-லேபல், பை-யூயூஐடி, பை-பாத் எண்டு நாலஞ்சு ஃபோல்டர். எல்லாத்துக்குள்ளயும் உள்ளது ஒரே டிஸ்குகளுக்கு வேற வேற வழியில வச்ச பேர். பை-ஐடியில கம்பனி, மொடல், சீரியல் நம்பர் மூண்டும் சேர்ந்து வரும், டிஸ்கின்ர முதுகில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில உள்ள அதே சீரியல். டிடிக்கு அந்த நீண்ட பேரையே குடுக்கலாம், வரிசை எப்பிடி மாறினாலும் அது சரியான டிஸ்குக்கே போகும், வாசிக்கிற டிஸ்கின்ர பேரைப் பிழையா அடிச்சா கிடைக்கேல்ல எண்டு நிண்டிடும். ஒரு எச்சரிக்கை, சில மலிவான யூஎஸ்பி டொக்கில டிஸ்கின்ர சீரியலுக்குப் பதிலா டொக்கின்ர சீரியல்தான் தெரியும், அந்த நேரம் சைஸையும் லேபலையும் சேர்த்துப் பாருங்கோ. பை-பாத் எண்டது எந்த போர்ட்டில குத்தியிருக்கு எண்டதை வச்சு வாற பேர், பழைய எச்டிஏ மாதிரி இடத்துக்குப் பேர்.

யூயூஐடி எண்டது பார்ட்டிஷனை ஃபோமட் பண்ணேக்க ஃபைல் சிஸ்டத்துக்குள்ள எழுதுப்படுற நம்பர். லினக்ஸின்ர வழமையான ஃபோமட் இஎக்ஸ்டி4 எண்டா கோடுகளோட சேர்த்து 36 எழுத்து, என்டிஎஃப்எஸ் எண்டா 16, பென்ட்ரைவில வாற ஃபட் எண்டா 8தான், அந்த 8ம் வழமையா ஃபோமட் பண்ணின திகதி நேரத்தில இருந்து வாறது. உபுண்டு எழும்பேக்க எதை எங்க கொழுவ வேணும் எண்டு எஃப்எஸ்டெப் (fstab) எண்ட ஃபைலில இந்த நம்பரைத்தான் எழுதி வைக்கும். நீங்களும் உங்கட வீடியோ டிஸ்கை அதில எழுதப்போறீங்கள் எண்டா எஸ்டிபி1 எண்டு எழுதாதேங்கோ, யூயூஐடி அல்லது லேபல் எழுதுங்கோ, பக்கத்தில நோஃபெயில் (nofail) எண்ட சொல்லையும் சேருங்கோ. அது இல்லாட்டி டிஸ்க் குத்தாத நாளில மெஷின் அதைத் தேடி 90 செக்கன் நிண்டு போட்டு எமேர்ஜென்சி மோடில போய் விழும், உபுண்டு பழுதாப் போச்சு எண்டு கடைக்குக் கொண்டு வாற மெஷின்களில இது எனக்கு அடிக்கடி ஆப்பிடுற ஒண்டு.

நம்பர் தனித்துவம் எண்டு சொன்னன், ஒரு இடத்தில அது தவறும். டிஸ்கை அப்பிடியே க்ளோன் பண்ணினா யூயூஐடியும் சேர்ந்து கொப்பி ஆகும், ஒரே பதிவு நம்பரோட ரெண்டு வள்ளம். ரெண்டையும் ஒண்டாக் குத்தி வச்சு லினக்ஸை எழுப்பினா எதைக் கொழுவும் எண்டு சொல்ல ஏலாது. வின்டோஸ் இதில கவனம், ஒரே சிக்னேச்சரோட ரெண்டு டிஸ்கைக் கண்டா ஒண்டை ஒஃப்லைன் எண்டு மறிச்சு வைக்கும். க்ளோன் முடிஞ்சா ஒண்டைக் கழட்டி வச்சிட்டு எழுப்புங்கோ.

பார்ட்டிஷன் நம்பரைப் பற்றியும் ஒருக்கா. பழைய மெஷினில எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5 எண்டு பார்த்திருப்பீங்கள், 3ம் 4ம் எங்க எண்டு கன பேர் கேக்கிறவை. எம்பிஆர் முறையில டிஸ்கின்ர முதலாவது 512 பைட்டுக்குள்ளதான் பார்ட்டிஷன் அட்டவணை, அதில 64 பைட், ஒண்டுக்கு 16 பைட் எண்டு நாலு வரிக்குத்தான் இடம். 1 தொடக்கம் 4 வரைக்கும் அந்த நாலு வரிக்கு எண்டு லினக்ஸ் ஒதுக்கி வச்சிருக்கும், நாலையும் பாவிச்சாலும் பாவிக்காட்டியும். அதுக்கு மேல வேணும் எண்டா ஒரு வரியை எக்ஸ்டெண்டெட் எண்டு வச்சு அதுக்குள்ள லொஜிக்கல் பிரிக்க வேணும், அது 5ல இருந்து தொடங்கும். லொஜிக்கலில 5ஐ அழிச்சா 6 எண்டது 5ஆ மாறும், அது இன்னொரு பொறி. எம்பிஆர் 2 டிபிக்கு மேல போகவும் ஏலாது. இப்ப வாற ஜிபிடியில வழமையா 128 வரிக்கு இடம் இருக்கு, எக்ஸ்டெண்டெட் எண்ட சிக்கலே இல்ல. ஆனா நம்பர் வரிசையும் டிஸ்கில உள்ள இட வரிசையும் ஒண்டு எண்டு நினையாதேங்கோ, நடுவில ஒண்டைச் சுருக்கி அந்த இடத்தில புதுசு போட்டா 5 எண்டது 2க்கும் 3க்கும் நடுவில இருக்கலாம்.

0ல எண்ணுறதா 1ல எண்ணுறதா எண்டதிலயும் ஒற்றுமை இல்ல. வின்டோஸ் டிஸ்க்பார்ட்டில டிஸ்க் 0ல, பார்ட்டிஷன் 1ல. எக்ஸ்பி காலத்து பூட் ஃபைலில ஆர்டிஸ்க்(0)பார்ட்டிஷன்(1) எண்டு ஒரே வரியில ரெண்டு கணக்கும் நிக்கும். லினக்ஸை எழுப்புற க்ரப்பின்ர பழைய பதிப்பில எச்டி0,0 எண்டா முதல் டிஸ்கின்ர முதல் பார்ட்டிஷன், க்ரப் 2ல அதே இடம் எச்டி0,ஜிபிடி1. பழைய குறிப்பைப் பார்த்து அடிச்சா ஒரு பார்ட்டிஷன் தள்ளிப் போயிடும், எந்தப் பதிப்புக்கு எழுதின குறிப்பு எண்டு முதல் பாருங்கோ.

மக்குக்கு வருவம். அங்க ஆக்கள் பார்க்கிறது லேபல் மட்டும்தான், டெஸ்க்டொப்பில டிஸ்கின்ர பேர் நிக்கும், உள்ளுக்க வொல்யூம்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள அதே பேரில கொழுவியிருக்கும், ஒரே பேரில ரெண்டு குத்தினா ரெண்டாவதுக்குப் பின்னால 1 எண்டு சேர்க்கும். அடியில உள்ள பேர் டிஸ்க்4எஸ்1, அஞ்சாவதாக் கண்ட டிஸ்கில முதலாவது ஸ்லைஸ். உங்கட கூட்டாளியிட்ட ரெண்டு டிஸ்கும் இல்லாத மெஷினில ஏன் 4 வரைக்கும் போனது எண்டா, 2017ல வந்த ஏபிஎஃப்எஸ் எண்ட அப்பிளின்ர ஃபோமட் ஒரு பார்ட்டிஷனுக்குள்ள உள்ள தொகுதியை இன்னொரு டிஸ்க் மாதிரிக் காட்டும், உண்மையான டிஸ்க்0, அதுக்குள்ள இருந்து உண்டான டிஸ்க்1, இப்பிடி நம்பர் ஏறிப்போகும். டிஸ்க்யூடில் லிஸ்ட் அடிச்சா சிந்தசைஸ்ட் எண்டு பக்கத்தில எழுதியிருக்கும், அது கையில பிடிக்கிற டிஸ்க் இல்ல. ஆர் சேர்த்து ஆர்டிஸ்க்4 எண்டும் ஒண்டு இருக்கு, அது இடைக்கிடங்கு இல்லாம நேரா எழுதுற வழி, இமேஜ் எழுதேக்க வேகம் கூட.

ஸ்லைஸ் எண்ட சொல் பிஎஸ்டி எண்ட யுனிக்ஸ் குடும்பத்தில இருந்து வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில டிஸ்கின்ர பேர் எந்த டிரைவர் அதை ஓட்டுதோ அதால வரும், சாட்டா எண்டா ஏடிஏ0, யூஎஸ்பி எண்டா டிஏ0. எம்பிஆர் பார்ட்டிஷனை ஸ்லைஸ் எண்டும், அதுக்குள்ள பிரிக்கிறதைப் பார்ட்டிஷன் எண்டும் சொல்லும், ஏ எண்டா ரூட், பி எண்டா ஸ்வொப், சி எண்டா முழுசும். சொலாரிஸ் எண்ட இன்னொரு யுனிக்ஸில சி0டி0டி0எஸ்0 (c0t0d0s0) எண்டு கொன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க், ஸ்லைஸ் நாலும் ஒரே பேரில. இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது, விட்டிடலாம். ஆனா 1985ல வந்த அமிகாவைச் சொல்லாம விட மனமில்ல, அது கேட்டது டிஸ்கைப் பேர் சொல்லித்தான், இந்தப் பேருள்ள டிஸ்கை ஏதாவது ஒரு டிரைவில போடுங்கோ எண்டு, எந்த டிரைவ் எண்டது அதுக்குப் பொருட்டில்ல. அந்த யோசனை சரியான யோசனை.

அதால லேபல் எழுதுங்கோ தம்பி. தமிழிலயும் எழுதலாம், ஆனா அளவு பார்க்க வேணும். மூண்டு சிஸ்டமும் வாசிச்சு எழுதுற எக்ஸ்ஃபட் ஃபோமட்டில 11 எழுத்துக்கு இடம், கொம்பியூட்டர் "தி"யை தவும் விசிறியும் எண்டு ரெண்டா எண்ணும், அப்பிடி எண்ணினா "திருகோணமலை" சரியா 10, அடங்கும். இஎக்ஸ்டி4ல 16 பைட்தான், தமிழில ஒண்டுக்கு 3 பைட் போகும், அஞ்சுக்கு மேல அடங்காது, "திருமலை" எண்டு குடுத்தா 21 பைட், "திரும" எண்டதோடயும் உடைஞ்ச ஒரு பைட்டோடயும் வெட்டி விட்டிடும். "கடல்" 12 பைட், அடங்கும். என்டிஎஃப்எஸில 32 வரைக்கும் வசதியா எழுதலாம். மூண்டு சிஸ்டத்திலயும் பாவிக்கிற டிஸ்குக்கு மட்டும் நான் இங்கிலிஷ் எழுத்தும் நம்பரும்தான் வைக்கிறனான், இடைவெளியும் விடுறேல்ல, பாதையில கரைச்சல் வராது.

உங்கட விசயத்துக்கு இனி நேரா. அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் எண்டா மக் வாசிக்கும், எழுதாது, அதால உள்ளதை வேற இடத்தில கொப்பி எடுத்து வச்சிட்டு எக்ஸ்ஃபட்டா ஃபோமட் பண்ணி ஒரு லேபல் குடுங்கோ. வின்டோஸில எம் எண்டு எழுத்தை நிப்பாட்டுங்கோ. உபுண்டுவில அது ஸ்லாஷ் மீடியாவுக்குள்ள உங்கட பேருக்குக் கீழ அந்த லேபலோட வரும், மக்கில வொல்யூம்ஸுக்குள்ள அதே லேபலோட வரும், புரோஜெக்டை எங்க திறந்தாலும் ரீலிங்க் குடுக்கேக்க ஒரே ஃபோல்டரைக் காட்டினாப் போதும். ஃபோமட் பண்ண முதல் எல்எஸ்பிஎல்கே கொமாண்டில மைனஸ் ஓ (lsblk -o) போட்டு நேம், சைஸ், லேபல், மொடல், சீரியல் அஞ்சையும் எடுத்து, டிஸ்கின்ர முதுகில உள்ள சீரியலின்ர கடைசி நாலு இலக்கத்தோட ஒப்பிடுங்கோ. அந்த நாலு இலக்கத்தை வெள்ளை டேப்பில எழுதி டிஸ்கின்ர முன்பக்கம் ஒட்டி விடுங்கோ, என்ர மேசையில உள்ள எல்லா டிஸ்கிலயும் இப்ப அந்த டேப் இருக்கு. தனியச் செய்யப் பயமா இருந்தா சனிக்கிழமை விடியக் கடைக்குக் கொண்டு வாங்கோ, கொப்பி எடுக்க வெறும் டிஸ்க் ஒண்டும் கொண்டு வாங்கோ, நீங்கள் நம்பரை வாசியுங்கோ, நான் ஸ்கிரீனைப் பார்க்கிறன்.